உதடு சேரட்டும், பல் விலகட்டும்



இரண்டு மாதங்களுக்கு முன் பல் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களைப் படித்துக்கொண்டு வந்தபோது ஒன்று புரிந்தது. எழுதியவர்களில் பலருக்குத் தொந்தரவு பல்லில் இல்லை. காதுக்குச் சற்று முன்னால், தாடை ஆடுகிற இடத்தில். கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வதாக ஒருவர் எழுதியிருந்தார். தட்டையையும் முறுக்கையும் காப்பியில் நனைத்துத்தான் சாப்பிட முடிகிறது என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. காலையில் எழுந்தால் இரவெல்லாம் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கிறது என்று கணினி வேலை பார்க்கும் ஓர் இளைஞர். மூன்று கடிதங்களில் ஒரே கேள்வி இருந்தது: "தாடை வலிக்கு போடாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார்களே, போட்டுக்கொள்ளலாமா?"

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஒன்றரை வருடம் எங்கள் வீட்டிலேயே குடியிருந்தது. அந்த வலி வந்தது என் அக்காவுக்கு. அவளோடு டாக்டர் வீட்டு வாசல்களில் காத்திருந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் இந்த முறை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அக்கா கும்பகோணத்தில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், மாமியார் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், வலது காதுக்குள் குடைச்சல் என்றாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, காதில் ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் பல்லாக இருக்கும் என்று ஒரு பல் மருத்துவமனைக்குப் போனாள். கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல் செய்தார்கள். வலி போகவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பல்லையே எடுத்தார்கள். பல் போனது, வலி அப்படியே இருந்தது. கடைசியில் ஒருவர், "எல்லாம் மனசுதான்மா, ரிட்டயர் ஆகப்போறீங்க இல்லையா" என்று அனுப்பிவைத்தார். ரூட் கேனலைவிட, பல் பிடுங்கியதைவிட, அந்த ஒரு வார்த்தைதான் அக்காவை அழவைத்தது. வலிக்கிறது என்று சொல்கிற ஒருவரை நம்பாமல் அனுப்புவதைப்போல் ஒரு கொடுமை இல்லை.

பின்னால் படித்தபோது தெரிந்தது, இப்படி வாசல் வாசலாக ஏறி இறங்கியவள் அக்கா மட்டும் இல்லை. 2020இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகள் தாடை மூட்டுக் கோளாறுகள் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. இந்த நோயாளிகள் பொது மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் நடுவே கவனிப்பாரில்லாமல் விடப்படுகிறார்கள் என்பதை அது அழுத்தமாகச் சொன்னது. அந்த நாட்டு மதிப்பீட்டில் மக்களில் 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இதைப் படித்துக்கொண்டே உங்கள் ஆள்காட்டி விரல்களை இரண்டு காதுகளுக்கும் முன்னால், கன்ன எலும்பு முடிகிற பள்ளத்தில் வையுங்கள். மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு சிறு உருண்டை முன்னால் நகர்ந்து போய்த் திரும்பி வருவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல்போல அது சும்மா மடங்கி விரிவதில்லை. கொஞ்சம் திறந்ததும் வழுக்கிக்கொண்டு முன்னால் வரும். இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல ஒரு சிறு வட்டு உண்டு. அது இடம் விலகினால்தான் சிலருக்குச் சொடக்கு விடுவதுபோல் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது. சத்தம் மட்டும் இருந்து வலி இல்லையென்றால் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. இன்னொரு விசேஷம், இடது மூட்டும் வலது மூட்டும் ஒரே எலும்பின் இரு நுனிகள். ஒன்று நொண்டினால் மற்றதும் சேர்ந்து நொண்டும்.

இந்த மூட்டை ஆட்டிவைப்பவை நான்கு ஜோடித் தசைகள். கன்னத்தில் இருக்கும் மசட்டர், நெற்றிப்பொட்டில் விசிறிபோல விரிந்திருக்கும் டெம்பொராலிஸ் இரண்டையும் வெளியிலிருந்தே தொட்டுப் பார்க்கலாம். பல்லை இறுக்கிக் கடித்தால் கைக்குத் தட்டுப்படும். மற்ற இரண்டு ஜோடி உள்ளே மறைந்திருக்கின்றன. "தாடை மூட்டு வலி" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் மூட்டு வலி அல்ல. ஓய்வில்லாமல் இறுகிக் கிடக்கும் இந்தத் தசைகளின் வலி. ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

அக்காவுக்கு அதைப் புரியவைத்தவர் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் முக, தாடை அறுவைப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர். எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இருபது நிமிடம் கேள்வி கேட்டார். எப்போது வலி அதிகம், காலையிலா மாலையிலா, தூக்கம் எப்படி, வீட்டில் என்ன நடக்கிறது. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்தார். முப்பத்தொரு மில்லிமீட்டர். சாதாரணமாக நாற்பதுக்குக் குறையாமல் திறக்க வேண்டும் என்றார். நம் கையின் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிந்தால் சரியான அளவு என்று கணக்கு. நாக்கை நீட்டச் சொல்லி என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நாக்கின் ஓரம் முழுக்கப் பல் அச்சு, பணியாரத்தின் விளிம்புபோல மேடும் பள்ளமுமாக. கன்னத்தின் உட்புறம், பல் சேரும் வரிசைக்கு நேராக, ஒரு வெள்ளைக் கோடு.

"பல்லைக் கடிங்க டீச்சர்" என்று சொல்லி, கன்னத்தில் எழும்பிய தசையைக் கட்டைவிரலால் அழுத்தினார். அக்காவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதுதான்மா! இந்த வலிதான்!" என்றாள். ஒன்றரை வருடமாகக் காதிலும் பல்லிலும் தேடிய வலி அந்தக் கட்டைவிரலுக்கடியில் இருந்தது. தெரிந்த வலியை அப்படித் தொட்டு எழுப்பிப் பார்ப்பதுதான் முக்கியமான பரிசோதனையே என்று பிறகு சொன்னார்.

"பகல்ல பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

"இல்லையே."

"இப்போ, இந்த நிமிஷம், உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கிட்டு இருக்கா?"

அக்கா பதில் சொல்லவில்லை. தொட்டுக்கொண்டுதான் இருந்தன.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர பல்லும் பல்லும் தொட வேண்டிய வேலையே இல்லை. உதடு மூடியிருக்கும்போதும் உள்ளே பற்களுக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்க வேண்டும். அக்கா அந்த இடைவெளியை எத்தனையோ வருடமாக விட்டதே இல்லை. வகுப்பறையில், அடுப்படியில், மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது. "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அதை ஒருத்தி சொல்லுக்குச் சொல் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்பதை அன்று அந்த நாற்காலியில் பார்த்தேன்.

இனி ஊசிக்கு வருகிறேன். காலில் துருப்பிடித்த ஆணி குத்தினால் உடனே டி.டி. ஊசி போடச் சொல்கிறோம் அல்லவா? தனுர்வாதம் வந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த நோயின் முதல் அடையாளமே தாடை கிட்டிக்கொள்வது. அதனால்தான் அதற்கு வாய்ப்பூட்டு என்றும் பெயர். அந்த நோயை உண்டாக்கும் கிருமி கிளாஸ்டிரிடியம் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. போடாக்ஸ் ஊசியில் இருப்பதும் அதே குடும்பத்து இன்னொரு கிருமியின் நஞ்சுதான், கிளாஸ்டிரிடியம் போட்டுலினம். ஒன்று, தசையை அடக்கிவைக்கும் நரம்புகளின் வாயைக் கட்டிவிடுவதால் தாடை பூட்டிக்கொள்கிறது. மற்றது, தசைக்கு 'இறுகு' என்று கட்டளை கொண்டுவரும் நரம்பின் வாயைக் கட்டிவிடுவதால் தாடை தளர்கிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும் நேரெதிராகப் போனதைப்போல.

அந்த இரண்டாவது நஞ்சின் கதை தொடங்குவது ஜெர்மனியில். 1820களில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி வூர்ட்டம்பெர்க் பகுதியில் ஊர் ஊராகத் தகவல் திரட்டினார். சாப்பிட்டவர்களுக்கு இமை தொங்கியது, விழுங்க முடியவில்லை, கைகால் துவண்டது, கடைசியில் மூச்சு நின்றது. அந்த நஞ்சைச் சிறிதளவு தானே சாப்பிட்டும் பார்த்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காமல் துடிக்கும் நரம்புக் கோளாறுகளை இதே நஞ்சால் அடக்கலாமோ என்று அன்றே எழுதிவைத்தார்.   1895இல் பெல்ஜியத்தின் எல்லெஸெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றித்தொடைக் கறி சாப்பிட்டு நஞ்சேறி விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் என்ற கிருமி ஆய்வாளர் அந்தக் கறியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். லத்தீனில் சாசேஜுக்கு 'போட்டுலுஸ்' என்று பெயர். அதுதான் கிருமிக்கும் பெயரானது.

நஞ்சு மருந்தானது சான் பிரான்சிஸ்கோவில். ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர், மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் சரிசெய்ய வழி தேடினார். இழுத்துப் பிடிக்கும் கண் தசையில் இந்த நஞ்சைத் துளி அளவு செலுத்தினால் தசை தளர்ந்து கண் நேராகும் என்பதை முதலில் குரங்குகளிடம் காட்டினார். அது வெளியானது 1973இல். 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முகச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002இல்தான். நாம் அழகுக்கான ஊசி என்று நினைத்துக்கொண்டிருப்பது, கண் சரியில்லாதவர்களுக்காகப் பிறந்தது. நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010இல் அனுமதித்தார்கள். தாடை வலிக்கு இன்றுவரை அந்த நாட்டில் அந்த அனுமதி இல்லை. மருத்துவர் தம் பொறுப்பில், நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போடுகிறார். அது தவறில்லை. பல மருந்துகள் அப்படிப் பயன்படுகின்றன. ஆனால் அதைச் சொல்லாமல் போட்டால் தவறு.

அக்காவுக்கு எடுத்த எடுப்பில் ஊசி போடவில்லை. மூன்று மாதம் பிசியோதெரபி. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி, தாடை கோணாமல் மெதுவாகத் திறந்து மூடுவது. வெதுவெதுப்பான துண்டு ஒத்தடம். கன்னத் தசையை விரலால் அழுத்தி நீவிவிடுவது. கொஞ்ச நாளைக்குக் குழைந்த சாதம், சூயிங்கமும் கரும்பும் கிடையாது. பல் தேயாமலிருக்க இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நூறு முறை தன்னைத்தானே பார்த்துக்கொள்வது. மூன்று மாத முடிவில் வாய் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் திறந்தது. வலி பாதியாகக் குறைந்தது. விடிகாலை வலி மட்டும் விட்டபாடில்லை. அப்போதுதான் மருத்துவர் ஊசியைப் பற்றிப் பேசினார்.

ஊசி போட்ட அன்று நான் பக்கத்தில் இருந்தேன். குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். பார்த்தால் வெறும் குப்பி மாதிரிதான் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதும் அடியில் பனி படிந்ததுபோல ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான் மருந்து. அதில் உப்பு நீரை மெல்ல விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைத்தார். காதுமடலின் அடியிலிருந்து வாய் ஓரம்வரை பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே, தசையின் தடித்த பகுதியில் மட்டும் புள்ளி வைத்தார். "இதுக்கு மேலயோ முன்னாடியோ போனா சிரிக்கிற தசையில பட்டுடும். அப்புறம் சிரிப்பு கோணிக்கும்" என்றார். பல்லைக் கடிக்கச் சொல்லி, தசையைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, முடிபோல மெல்லிய ஊசியால் இரண்டு கன்னத்திலும் புள்ளி புள்ளியாகக் குத்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குக் கன்னத்தைத் தேய்க்க வேண்டாம், சில மணி நேரம் படுக்க வேண்டாம் என்று அனுப்பினார்.

மூன்றாம் நாள் கேட்டேன், "ஒண்ணும் தெரியலடா" என்றாள். இந்த ஊசி உடனே வேலை செய்யாது. நரம்பு நுனிக்குள் போய், அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளை வெளியே அனுப்புகிற புரதத்தை வெட்ட வேண்டும், அதற்கு நாளாகும். ஒன்பதாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. பயந்துபோய் எடுத்தேன். "வலி இல்லாம முழிச்சேன்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வைத்துவிட்டாள்.

ஆனால் நடந்தது அத்தனையையும் சொன்னால்தான் நியாயம். சப்பாத்தி பாதியிலேயே வாய் அசந்துபோகிறது என்றாள். இரண்டாம் மாதம் எடுத்த போட்டோவில் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தசை வேலை செய்யாவிட்டால் மெலியும். நரம்பு புது முளை விட்டுத் தசையோடு மறுபடி இணைந்துகொள்ளும். அதனால் மருந்தின் பலன் மூன்று, நான்கு மாதம்தான். அக்காவுக்கும் நான்காம் மாதம் வலி எட்டிப் பார்த்தது, முன்போல் இல்லை, லேசாக. இரண்டாவது ஊசி வேண்டுமா என்று மருத்துவர் கேட்டார். இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்றாள்.

ஊசிதான் குணப்படுத்தியதா? நேர்மையான பதில், உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான். மூன்று மாதப் பயிற்சியும் கூடவே இருந்தது. அதே வாக்கில் மாமியாரும் காலமாகி, வீட்டுச் சுமையும் இறங்கியிருந்தது. ஆராய்ச்சிகளைப் பார்த்தாலும் இதே நிலைதான். சிலவற்றில் நல்ல பலன், சிலவற்றில் வெறும் உப்பு நீர் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வலி குறைந்திருக்கிறது. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் நாட்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தாடைப் பயிற்சி, நிமிர்ந்த உடல்நிலைப் பயிற்சி, கையால் நீவித் தசை முடிச்சை விடுவிப்பது, மனதையும் பழக்கத்தையும் சீராக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைத்தது. போட்டுலினம் ஊசியைப் பொதுவாக வேண்டாம் என்ற பக்கத்தில், ஆனால் கறாராக இல்லாமல், வைத்தது. நைட் கார்டும் அதே பக்கத்தில்தான். 'கறாராக இல்லாமல்' என்றால் ஆளைப் பார்த்து, நிலைமையைப் பார்த்து, நோயாளியின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுக்கலாம் என்று பொருள்.

இதையெல்லாம் படித்த பிறகும் என் அபிப்பிராயம், அக்காவுக்கு அந்த ஊசி வீண் இல்லை. நான்கு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தின் தெம்பில் பயிற்சியை விடாமல் செய்தாள். ஆனால் ஊசியையே முதல் படியாக யாராவது நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. வட்டு விலகியிருந்தால் ஊசி அதைத் திருப்பி வைக்காது. மூட்டு தேய்ந்திருந்தால் வளர்க்காது. தசையைத் தளர்த்த மட்டுமே அதற்குத் தெரியும். தசைதான் காரணம் என்று யாராவது விரல் வைத்துப் பார்த்தார்களா என்பதுதான் முதல் கேள்வி.

தாடையின் வரலாற்றில் அவசரத்துக்கு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவில், விலகிய வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கை வட்டுகளை ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தார்கள். கடிக்கும் அழுத்தத்தில் அவை துகள்துகளாக உதிர்ந்தன. அந்தத் துகள்களை எதிர்த்து உடல் போராடியதில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. 1990ஐ ஒட்டித் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பலருக்கு அறுவைமேல் அறுவை. ஊசி அவ்வளவு பயங்கரம் இல்லை, அதன் வேலை சில மாதத்தில் தானே கலைந்துவிடும். ஆனாலும் முயல்களுக்கு மசட்டர் தசையில் இதைச் செலுத்திய ஆய்வுகளில் தாடை மூட்டு எலும்பு நலிந்தது தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் எப்படி என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருடக்கணக்கில் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்துவரும் வயதுப் பெண்கள், இதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி, மருந்தே வேலை செய்யாமல் போவதும் உண்டு.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து மற்ற இடங்களுக்குப் பரவி விழுங்கவும் மூச்சு விடவும் சிரமம் வரலாம் என்ற எச்சரிக்கையை 2009 முதல் அமெரிக்காவில் மருந்தோடு கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள். ஊசிக்குப் பிறகு குரல் மாறினால், விழுங்கச் சிரமப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2024இல் அந்த நாட்டிலேயே பல மாநிலங்களில் போலிக் குப்பிகள் பிடிபட்டன. ஒரு கம்பெனி மருந்தின் ஓர் அலகும் இன்னொரு கம்பெனி மருந்தின் ஓர் அலகும் சமமில்லை. ஆகவே எந்த மருந்து, எத்தனை அலகு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகம் மெலியும் என்று சலுகை விலையில் அழைக்கும் அழகு நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாதவர் கையால், தயவுசெய்து வேண்டாம்.

தாடையில் வருகிற வலியெல்லாம் தாடையுடையதும் இல்லை. மாடி ஏறும்போது தாடை வலித்து, நின்றதும் விட்டால், அல்லது வியர்வையும் நெஞ்சழுத்தமும் சேர்ந்து வந்தால் அது இதய வலியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மெல்லும்போது தாடை அசந்து, புதிதாகத் தலைவலியும், தலை வாரும்போது உச்சியில் வலியும் இருந்தால், ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். விட்டால் பார்வையே போகும். பாக்கு, குட்கா பழக்கமுள்ளவர்களுக்கு வாய் வரவரச் சிறிதாகத் திறந்து, கன்னம் உள்ளே இறுகி, காரம் பட்டால் எரிந்தால், அது தாடை மூட்டு இல்லை. வாயின் உட்தோல் நாராக இறுகும் நோய், புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடியது. தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. 2013இல் தடை செய்தார்கள். ஆனாலும் பெட்டிக்கடை வாசலில் வெற்றுப் பொட்டலங்களைப் பார்க்கிறேன். அந்த வாய்க்கு இந்த ஊசி பதில் இல்லை.

கேள்வி கேட்ட மூவருக்கும் சொல்கிறேன். முதலில் முக, தாடை நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அந்தத் துறை உண்டு. வலி தசையிலா மூட்டிலா என்று கேளுங்கள். பயிற்சிக்கு இரண்டு மூன்று மாதம் நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் தசை அடங்காமல், மருத்துவரும் யோசித்துச் சொன்னால், ஊசியைக் கண்டு பயப்பட வேண்டாம். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளாலும் பல் கடிக்கும் பழக்கம் வருவதுண்டு. நீங்களாக நிறுத்தாமல், கொடுத்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். கணினி வேலை பார்க்கும் தம்பிக்குத் தனியாக ஒன்று: இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உங்கள் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நம் வீடுகளில் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பது வழக்கம்தான். ஆனால் அங்கே பொட்டு எங்கே பார்த்தாலும் இருந்தது. மிக்ஸி மேல், பிரிட்ஜ் கதவில், பூஜை அலமாரியின் ஓரத்தில், டிவி ரிமோட்டில், மாமியார் படுத்திருந்த அறையின் சுவிட்ச் போர்டில். எல்லாம் சிவப்பு, சின்ன அளவு. "பிசியோ சொல்லிக்கொடுத்த பொண்ணு, எங்கேயாவது அடையாளம் வச்சுக்கோங்க, அதைப் பார்க்கறப்பல்லாம் பல்லைப் பிரிங்கன்னா. வீட்ல இதுதான் அட்டை அட்டையா இருந்துச்சு" என்றாள். பொட்டைப் பார்த்தால் உதடு சேரட்டும், பல் விலகட்டும், தோள் இறங்கட்டும். அதுதான் அவள் மந்திரம்.

கிளம்பும்போது ஓர் அட்டையை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தாள். "நீயும்தான் கடிக்கிற. சின்ன வயசிலேர்ந்து பார்க்கிறேன்" என்றாள். இந்தப் பக்கத்தை எழுதுகிற கணினியின் மூலையில் அதில் ஒன்று ஒட்டியிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்